ராயர் கையில் தின்ற அணில்

மருதவேலியை ஆண்ட வில்லவராயர் நல்லவர்தான். உட்கார்ந்து கேட்கத்தான் அவரால் முடியாது. குடிகள் வந்து குறை சொல்லத் தொடங்கினால் நாலாவது வாக்கியத்தில் அவர் கால் ஆடும். ஐந்தாவதில் “புரிகிறது, புரிகிறது” என்பார். ஆறாவதுக்கு ஆள் இருக்கமாட்டார். புரிந்தது என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

குடிகளின் மனுக்களை வாசிக்கும் வேலை அவைப்புலவர் திருமேனிக்கு. பாதி வாசித்த ஓலையும் கையுமாக, முகம் தொங்கிப் போகிற ஜனங்களைப் பார்த்து நிற்பது அவருக்குப் பழகிவிட்டது. பிடிக்கத்தான் இல்லை.

ஒருநாள் காலை ராயர் கொல்லைப்பக்கத்துச் சாளரத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். கீழே கிணற்றடி நாவல் மரத்தின் நிழலில், பாத்திரம் தேய்க்கிற செம்பாயி கையில் கொஞ்சம் பொரியோடு உட்கார்ந்திருந்தாள். மரத்திலிருந்து ஓர் அணில் தலைகீழாக இறங்கி வந்தது. அவள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, ஒரு பொரியை முன்னங்கால் இரண்டாலும் பிடித்துக் கொறித்தது. ராயர் பல் விளக்குவதை மறந்துபோனார்.

மறுநாள் அவரே வெள்ளித் தட்டில் பொரியும் தேங்காய்க் கீற்றுமாக இறங்கிப் போனார். அணிலை வரச் சொன்னார். வரவில்லை. குரலை உயர்த்திச் சொன்னார். மரத்திலிருந்த நாலு அணிலும் உச்சிக்குப் போய்விட்டன. அதற்கடுத்த நாள் ஒரு வாழைப்பழத்தை அன்போடுதான் வீசினார். அது அணிலின் வாலில் பட்டது. பிறகு இரண்டு நாள் அந்தப் பக்கம் அணிலே இல்லை.

தளபதி மல்லையன் வலைபோட்டுப் பிடித்துத் தருவதாகச் சொன்னார். ராயர் ஒப்பவில்லை. செம்பாயியிடம் வந்ததுபோல் தானாக வர வேண்டும். நாடே தன் சொல்லுக்குக் கட்டுப்படும்போது ஒரு சாண் பிராணி கட்டுப்படாதது அவருக்குச் சோறு இறங்கவிடவில்லை. திருமேனியை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்த தளபதி, புலவர்தான் எதையும் பேசியே சாதிப்பவராயிற்றே என்று மெல்ல எடுத்துக் கொடுத்தார்.

ராயர் பிடித்துக்கொண்டார். “ஒரு மாதம் தருகிறேன், திருமேனி. அணில் என் கையில் தின்ன வேண்டும். இல்லையென்றால் இந்த அவையில் உமக்கு இடமில்லை.”

திருமேனியின் வீட்டில் எட்டு வாய் அந்த இடத்தை நம்பி இருந்தது. அவர் இரண்டு நாள் கிணற்றடியிலேயே உட்கார்ந்து செம்பாயியைக் கவனித்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. மாமியாரைப் பற்றி ஒரே குரலில் பாத்திரங்களிடம் புலம்பிக்கொண்டே இருந்தாள். அணில்கள் அதைச் சட்டை செய்யவில்லை. ஒரு குடம் உருண்டபோதுதான் ஓடின. மூன்றாம் நாள் புலவர் சிரித்த முகத்தோடு ராயரிடம் போனார்.

நிபந்தனைகள் எளிமையாகவே இருந்தன. தினம் காலை ராயர் மரத்தடியில் பலகை போட்டு உட்கார வேண்டும். பொரி வைத்த கையைத் தரையில் விரித்து வைக்க வேண்டும். பேசக்கூடாது, அசையக்கூடாது, திருமேனி சொல்லும்வரை எழுந்திருக்கக்கூடாது. அணிலுக்கு மனிதக் குரல் பழகவேண்டுமே, அதற்காக யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் விடாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். ராயர் எல்லாவற்றுக்கும் சம்மதித்தார்.

முதல் நாள் பேச வந்தவர் குயவர் தெருப் பெரியவர் அய்யாறு. ஏரி மதகு உடைந்து இரண்டு மழைக்காலமாகச் சூளைக்குள் தண்ணீர் நிற்பதை அவர் ஆதியிலிருந்து தொடங்கினார். நாலாவது வாக்கியத்தில் ராயரின் கால் ஆடியது. இறங்கிக்கொண்டிருந்த அணில் நின்றுவிட்டது. கால் அடங்கியது.

“இதைச் சொல்ல ரெண்டு தடவை அவைக்கு வந்தோம், மகாராஜா. ரெண்டு தடவையும் நாங்க முடிக்கிறதுக்குள்ள நீங்க எழுந்து போயிட்டீங்க” என்றார் அய்யாறு, சொல்லிக் கொடுத்த அதே தாழ்ந்த குரலில்.

ராயர் முகம் சிவந்து வாயைத் திறந்தார். அணில் வாலைத் தூக்கியது. வாய் மூடிக்கொண்டது.

அடுத்த நாள் நெசவுக்காரி ஒருத்தி வந்தாள். அதற்கடுத்த நாள் பரிசல்காரர். ராயர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பிறகு பல்லைக் கடிக்காமல் கேட்டார். பன்னிரண்டாம் நாள் ஓர் அம்மாள் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு காக்கை வந்து அணில்களைக் கலைத்துவிட்டது. இன்றைக்குப் போதும் என்று திருமேனி எழுந்தார். ராயர் எழவில்லை.

“இருமய்யா. இந்த அம்மாளுடைய வழக்கு பாதியில் நிற்கிறது” என்றார்.

மதகு கட்ட ஆட்கள் போனார்கள். இருபத்திரண்டாம் நாள், எல்லை வாய்க்கால் சண்டையை ஒருவர் சொல்லிக்கொண்டிருக்க, அணில் இறங்கி வந்தது. ராயரின் விரலை முகர்ந்தது. உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து ஒரு பொரியைக் கொறித்தது. ராயர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியதைத் திருமேனி பார்த்தார், பார்க்காததுபோல் இருந்துவிட்டார்.

அணில் தின்று முடித்துப் போனபிறகுதான் ராயருக்குக் குரல் வந்தது. “இவ்வளவு முரட்டுப் பிராணியை எப்படி ஐயா பழக்கினீர்?”

“முதல் வாரம் கொஞ்சம் சிரமமாக இருந்தது, மகாராஜா” என்றார் திருமேனி, பணிவாக. “காலை ஆட்டும். கத்த வாயெடுக்கும். எழுந்து ஓடத்தான் பார்க்கும். போகப்போகச் சரியாகிவிட்டது. இப்போது யார் பேசினாலும் உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறது.”

தளபதிக்குக் குழப்பம். அணில் எப்போது உட்கார்ந்து கேட்டது என்று பக்கத்திலிருந்தவரிடம் விசாரித்தார்.

ராயர் திருமேனியையே பார்த்தார். உதடு துடித்தது. பிறகு மரத்திலிருந்த அத்தனை அணிலும் உச்சிக்கு ஓடும்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கையிலிருந்த பொன் கடகத்தைக் கழற்றிப் புலவர் கையில் போட்டார்.

“பிடியும்” என்றார். “பிராணி கொடுக்கிறது.”