சால்வைக்கு எழாதவர்

குருவிமலைக் குகையில் இருந்த நாகம்மையிடம் பாடம் கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். வெல்ல வியாபாரி உலகநாதருக்கோ அவளுடைய அப்பா வயது. பெண்டாட்டி போன பிறகு மலையேற ஆரம்பித்தவர். அவர் அவளைத் தாயே என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று உச்சிவெயிலில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மழைத்தண்ணீர் குகைக்குள் வராமலிருக்க அவள் கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர் கையில் ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தாள். முற்றின தேங்காய் அளவுதான், ஆனால் நல்ல கனம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னார். ஊரில் தானிய வியாபாரி சடையப்பர் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சமையல்காரி பூவாத்தாளைப் பிடித்து அடைத்துவிட்டார்கள். குடத்தில் பேர் போட்டு எடுத்த ஐந்து நடுவர்களில் உலகநாதரும் ஒருவர். நாளைக்குத் தீர்ப்பு. குற்றம் என்றால் புளியங்கொட்டை, இல்லை என்றால் பருத்திக்கொட்டை, மூடிய பானைக்குள் போட வேண்டும். ஐந்தும் புளியங்கொட்டையாக விழுந்தால் அவளுக்குக் கழுமரம். ஒன்று மாறினாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

"அவ விஷம் வச்சதை யார் பார்த்தது?"

யாரும் பார்க்கவில்லை. ஆனால் அரண்மனை வைத்தியர் மருதையனார் வந்து சாட்சி சொல்லியிருந்தார். செத்தவரின் நகம் நீலம் பாரித்திருந்ததாம், நாக்கு கறுத்திருந்ததாம். அது அரளிவிதையின் வேலை, சோற்றில் கலந்தவள் சமைத்தவளேதான் என்று அடித்துச் சொல்லிவிட்டார். மற்ற நான்கு நடுவர்களும் அப்போதே புளியங்கொட்டையை மடியில் முடிந்துகொண்டார்கள்.

"நீங்க?"

"எனக்கு வெல்லம் தெரியும் தாயே. நகத்தையும் நாக்கையும் நான் என்னத்தைக் கண்டேன்? என் மக ஜுரத்துல கிடந்தப்பக் காப்பாத்தினது அந்த வைத்தியர் கைதான். அவர் சொன்னதுக்கு மேல நான் யாரு? ஆனா அந்தப் புளியங்கொட்டையை மடியில முடிய மனசு வரலை."

"நல்ல வைத்தியர்தான், ஒத்துக்கறேன். நகத்தை எப்பப் பார்த்தார்?"

உலகநாதர் யோசித்தார். பிணத்தை எரித்து இரண்டு நாள் கழித்துத்தான் வைத்தியரின் பல்லக்கு ஊருக்குள் வந்தது. அதைச் சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

"அஞ்சு பேர் இருந்தீங்களே. ஒருத்தர்கூடவா கேக்கலை?"

"எப்படிக் கேக்கிறது தாயே? நின்னுக்கிட்டுல்ல இருந்தோம்."

அது அந்த ஊர்ச் சபையின் வழக்கம். நடுவர் பாயில் உட்கார்ந்துதான் கேள்வி கேட்கலாம். நின்றபடி கேட்டால் சபைக்கு அவமரியாதை. ஆனால் அரண்மனைச் சால்வை போர்த்திய சாட்சி வந்தால், அவர் பேசி முடித்துப் போகிறவரை நடுவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். எந்த ராஜா காலத்தில் வந்த பழக்கமோ, இரண்டையும் சேர்த்து வைத்து யாரும் யோசித்ததில்லை.

நாகம்மை இன்னொரு கல்லை எடுத்து வரிசையில் வைத்தாள். சும்மா அவரைப் பார்த்துவிட்டு, "கழுத்துல கட்டெறும்பு ஊருது" என்றாள்.

அவர் தோளைக் குலுக்கிப் பார்த்தார். எறும்பு கடித்தது. முகம் கோணிப்போயிற்று.

"தட்டி விட வேண்டியதுதானே?"

"கையில கல்லு இருக்கே."

"கீழ வைக்கிறது."

"நீங்க கொடுத்ததாச்சே, தாயே."

"கொடுத்தேன். சுமந்துக்கிட்டே நில்லுங்கன்னு சொன்னேனா?"

அவர் கல்லைக் கீழே வைத்தார். கழுத்தைத் தடவிக்கொண்டே மலையிறங்கினார்.

மறுநாள், தீர்ப்புக்கு முன் சாட்சியை இன்னொரு தடவை சொல்ல வைத்தியரை அழைத்தார்கள். சால்வை உள்ளே வந்தது. நான்கு நடுவர்கள் எழுந்தார்கள். உலகநாதர் எழவில்லை.

மூட்டு வலியா என்று பக்கத்தில் நின்றவர் குனிந்து கேட்டார். மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்றார் உலகநாதர். சபைத் தலைவருக்கு முகம் சிவந்தது. அரசர் போர்த்திய சால்வைக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டார்.

"சால்வைக்கு ஒரு கும்பிடு, ஐயா. கேள்வி வைத்தியருக்கு. அந்த நகத்தை நீங்க கண்ணால பார்த்தீங்களா?"

வைத்தியரிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. அவர் சபைத் தலைவரைத் திரும்பிப் பார்த்தார். செத்தவரின் தம்பி சொன்னார் என்றார். தம்பியைக் கேட்டால், பிணத்தைக் குளிப்பாட்டியவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது என்றார். குளிப்பாட்டியவர்களை யாரும் சபைக்கு அழைத்திருக்கவில்லை.

"சரி, அரளியாவே இருக்கட்டும். கலந்தது இவ கைதான்னு எந்த நகம் சொல்லிச்சு?"

கூட்டத்தில் யாரோ சிரித்து, சட்டென்று இருமலாக்கிக்கொண்டார். தூணோடு கட்டியிருந்த பூவாத்தாள் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். வைத்தியர் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

பானையைக் கவிழ்த்தார்கள். நான்கு புளியங்கொட்டை, ஒரு பருத்திக்கொட்டை.

பூவாத்தாளை அவிழ்த்துவிட்டார்கள். அன்று மாலையே உலகநாதர் பெயர் எழுதிய ஓலையைக் குடத்திலிருந்து எடுத்துக் கிழித்துப் போட்டார்கள். அவர் உட்கார்ந்திருந்த பாயையும் சுருட்டித் தூக்கிப் போனார்கள். அவர் கடை வழியாகப் போகிறவர்கள் தெருவின் மறுபக்கமாக நடந்தார்கள்.

மறுபடி மலையேறினார். கல்வரிசை பாதி எழும்பியிருந்தது. இந்தத் தடவை அவள் நீட்டிய கல்லை வாங்கி, இடம் பார்த்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"ஒருவேளை வைத்தியர் சொன்னது நிஜமா இருந்தா, தாயே? விஷம் வச்சவளை நான் வெளிய விட்டிருந்தா?"

"இருக்கலாம்."

அவள் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் அடுத்த கல்லைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"நிஜம்னா, எப்படித் தெரிஞ்சுதுன்னு வந்து சொல்லட்டும்" என்றாள். "நீங்க உட்கார்ந்து கேளுங்க."

"இனி எங்க உட்கார? பாயைத்தான் சுருட்டிட்டாங்களே."

நாகம்மை கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

"தரை இருக்கே, அண்ணாச்சி."