பேய்ச்சுரை அம்மையார்

விடிந்து பால் வண்டி வருவதற்குள் உலகம்மையார் முறத்தோடு உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் யாரோ திருப்பித் தந்த வெண்டை விதையோ அவரை விதையோ முறத்தில் விழும். பொக்கு பறக்கும், சொத்தை ஒதுங்கும், நல்லது நடுவில் தங்கும். அதிலிருந்து பத்து விதையைப் பொறுக்கி, ஈரத்துணியில் ஒவ்வொன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு 'சிவாயநம' சொல்லி, துணியைச் சுருட்டி மூலையில் வைப்பார். சில நாள் கழித்துப் பிரித்துப் பார்க்கையில் எட்டேனும் முளைத்திருந்தால்தான் அந்த விதை வெளியே போகலாம். அப்புறம் அறையைப் பெருக்குவார், மாடிப்படியைத் துடைப்பார், கழிவறையைக் கழுவுவார். அவருடைய வேலையென்று சங்கம் எழுதி வைத்திருந்தது இந்தக் கடைசி மூன்றைத்தான்.

சங்கம் என்றதும் புலவர்கள் கூடிய அவையென்று எண்ணிவிட வேண்டாம். சென்னையின் தெற்கோரத்தில் ஏரியை ஒட்டித் தாமரைக்கேணி நகர் என்றொரு குடியிருப்பு. அங்கே தாமரையும் கிடையாது, கேணியும் கிடையாது, குடியிருப்போர் நலச்சங்கம் மட்டும் உண்டு. அதன் கட்டடத்தில் தரைத்தளத்து அறை ஒன்றுதான் விதை நூலகம். மாடியிலும் பால்கனியிலும் தொட்டி வைத்துக் காய்கறி வளர்ப்பவர்கள் ஒரு பிடி விதை இரவல் வாங்கிப் போவார்கள். விளைந்ததில் நல்ல காய் ஒன்றை முற்றவிட்டு, அதன் விதையைத் திருப்பித் தரவேண்டும். வாங்கிய புத்தகத்தையே திருப்பித் தராத பெருமக்கள் விதையையா தந்துவிடப் போகிறார்கள்? பாதிப் பேர் தரவே மாட்டார்கள். தருகிறவர்களும் பூஞ்சை பிடித்ததை, வண்டு குடைந்ததைத் தருவார்கள். தந்துவிட்டு, உலகத்துக்கே படியளந்ததுபோல் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்வார்கள். அம்மையார் எல்லாவற்றையும் இரு கையாலும் வாங்கிக்கொள்வார்.

அவர் சங்கரன்கோவில் பக்கத்தவர். கட்டட வேலைக்கு வந்த கணவரோடு இங்கு வந்தார். இதே நகரின் மூன்றாம் அடுக்குமாடியைக் கட்டும்போது சாரம் சரிந்து கணவர் மாண்டார். இப்போது அங்கே குடியிருப்பவர்களுக்கு அந்தச் சேதி தெரியாது. தெரிந்திருந்தால் வாடகையைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். பிள்ளைகுட்டி இல்லாத அம்மையாருக்கு மிஞ்சிய உறவு அடுத்த தெருவில் மேடான இடத்தில் இருந்த பசுங்கொழுந்தீசர் ஒருவரே. அன்று இரவலாகப் போகும் விதையை முந்தானையில் முடிந்துகொண்டு காலையில் கோயிலுக்குப் போவார். கம்பிக் கதவு திறந்திருக்காது. கம்பிகளுக்கு இடையே கை மட்டும் நுழையும். விதையை உள்ளங்கையில் வைத்து நீட்டி, "இன்னைக்கு இது வெளிய போகுது சாமி. பாத்துக்கிடும்" என்பார். அவருக்குத் தெரிந்த தேவாரம் அதுதான்.

எழுத்து அவர் அறியார். ஒவ்வொரு துணிப்பையின் வாயிலும் உள்ளே இருக்கும் விதையில் ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார். அதுதான் பெயர்ச்சீட்டு. நூற்றுக்கு மேற்பட்ட பைகளில் அவர் கை ஒருநாளும் தவறியதில்லை.

சங்கத் தலைவர் திரு. பத்மநாதன் ஓய்வுபெற்ற பொறியாளர். உத்தியோகம் போன பிறகும் உத்தரவு போடும் பழக்கம் போகாதவர். சட்டைப்பையில் எப்போதும் ஓர் அளவுநாடா வைத்திருப்பார். தம் வீட்டு வாசல் வளைவில் அழகுக்கென்று ஒரு சுரைக்கொடி ஏற்றியிருந்தார். இடுப்புச் சிறுத்து அடி பருத்த காய்கள் தோரணம்போல் தொங்கும். ஒன்றையும் வாயில் வைக்க முடியாது, அத்தனை கசப்பு; பேய்ச்சுரை என்பது அதைத்தான். அதே வீட்டு மாடியில், நூலகத்திலிருந்து வாங்கிய கறிச்சுரையையும் போட்டிருந்தார். "விதைக்கு விடுற பூவ மட்டும் சாயங்காலமே துணிப்பை கட்டி மூடிருங்கய்யா. கையால மகரந்தம் தொட்டு வைக்கணும். இல்லைன்னா வாசக்கொடி மகரந்தம் வந்து சேந்துக்கிடும்" என்று அம்மையார் சொல்லியனுப்பினார்.

"எனக்கே பாடமா? பெருக்குற வேலையைப் பாரும்மா" என்றார் பொறியாளர். பையும் கட்டவில்லை, பூவையும் தொடவில்லை. முற்றிய காயின் விதையைப் பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினார். அம்மையார் வாங்கி, பத்தை ஈரத்துணியில் வைத்துப் பார்த்தார். பத்தும் முளைத்தன. முளைவிடும் விதை தன் குணத்தை அப்போது சொல்வதில்லை. தை மாதத்தில் பதினைந்து வீடுகளுக்கு அந்த விதை போயிற்று.

பங்குனியில் பதினைந்து வீட்டிலும் சுரைக்காய்க் கூட்டு. பதினைந்து வீட்டிலும் முதல் வாயிலேயே துப்பினார்கள். அதற்குமேல் ஒருவரும் காயைத் தொடவில்லை. சித்திரையில் காய்கள் கொடியிலேயே முற்றிக் கல்லாகிவிட்டன. கொடியை அறுத்தவர்கள் காய்களை மூட்டையாகக் கட்டிவந்து நூலக வாசலில் கொட்டினார்கள். இரண்டாம் மாடி விமலாதேவி, தன் வாழ்நாளில் ஒரு கீரைத்தண்டைக்கூட உருப்படியாக வளர்க்காதவர், "பேய்ச்சுரை அம்மா, உன் பிள்ளைங்களை எடுத்துக்கோ!" என்று கூவினார். கூட்டம் சிரித்தது. அன்று முதல் உலகம்மையாருக்கு அதுவே பெயராயிற்று. வாட்ஸ்அப் குழுவில் அவர் படத்துக்குப் பக்கத்தில் சுரைக்காய்க்குப் பொட்டு வைத்துப் போட்டார்கள். படித்தவர்களின் நகைச்சுவை இந்த உயரத்தில்தான் பறக்கிறது.

கொட்டிக் கிடந்த காய்களைப் பார்த்த கணமே அம்மையாருக்கு விளங்கிவிட்டது. ஒவ்வொன்றும் இடுப்புச் சிறுத்து அடி பருத்திருந்தது. யார் வாசலின் வாரிசு என்று கேட்கவே வேண்டாம்.

சங்கம் கூடியது. "கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தியை நூலகத்துல வெச்சா இதுதான் நடக்கும்" என்றார் பத்மநாதன். தம் வீட்டு வாசலைத் தாண்டித்தான் அவர் கூட்டத்துக்கு வந்திருந்தார். தலைக்குமேல் அத்தனை காய் தொங்கியும் ஒன்றாவது அவர் தலையில் இடிக்கவில்லை.

"உனக்கு என்னம்மா சொல்லணும்?" என்று ஒருவர் கேட்டார்.

"பூவுக்குப் பை கட்டுனாகளான்னு கேக்காம வாங்கிப் போட்டேன். தப்பு என்னுதுதான்யா" என்றார் அம்மையார்.

அப்புறம் சீர்திருத்தம் நடந்தது. நூலகம் என்றால் நூலகம் மாதிரி இருக்க வேண்டும் என்று, தேக்கில் சின்னச் சின்ன இழுப்பறைகள் வைத்த அலமாரி ஒன்று வந்தது. ஒவ்வொரு விதையிலும் ஒரு சிட்டிகை எடுத்து, காகித உறையிலிட்டு, ஆங்கிலத்தில் பெயர் அச்சடித்து அடுக்கினார்கள். அழகாகத்தான் இருந்தது. அதைத் திறந்து வைக்க ஒரு விழா, விழாவுக்கு ஒரு பொன்னாடை, பொன்னாடை போர்த்திக்கொள்ள ஒரு பத்மநாதன். மிச்சமிருந்த விதையையெல்லாம் துணிப்பைகளோடு குப்பைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவாயிற்று. உலகம்மையார் இனி விதையைத் தொடக்கூடாது.

அவர் கோயில் கம்பிக் கதவருகே போய் நின்றார். "நஞ்சத் தின்னு முழிக்கிறவரு நீரு. இந்தக் கசப்ப வச்சு என்ன செய்யன்னு நீரே சொல்லும்" என்றார். சாமி என்ன சொன்னதோ. அம்மையார் திரும்பி வந்து, கல்லாய்க் கிடந்த பேய்ச்சுரைகளைப் பொறுக்கிக் கழுவிக் கோடை முழுதும் வெயிலில் காயவைத்தார். ஆடியில் குலுக்கினால் உள்ளே கலகலத்தது. காம்புப் பக்கம் துளையிட்டு, உள்ளிருந்ததைச் சுரண்டியெடுத்து, சாம்பல் பூசி உலர்த்தினார். குப்பைக்கு அனுப்பாமல் மாடிப்படிக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்த விதைகளை வகைவகையாய் அந்தக் குடுக்கைகளில் நிரப்பினார். தக்கை வைத்துத் தேன்மெழுகு உருக்கி அடைத்தார். மெழுகு இறுகுமுன் மேலே ஒரு விதையைப் பதித்தார். பகலெல்லாம் படி துடைத்த கையோடு இதையும் செய்தார். குடுக்கைகள் மாடிப்படிக்கு அடியில் குவிந்தன.

ஐப்பசியில் பத்மநாதன் அதைப் பார்த்துவிட்டார். "கார்த்திகை கடைசிவரை டைம். அதுக்கப்புறம் இதுவும் இருக்கக்கூடாது, நீயும் இருக்கக்கூடாது" என்றார். அம்மையார் குடியிருந்ததோ எலி ஆளும் தகரக் கொட்டகை. அங்கே ஒரு வாரத்தில் எலி எல்லாவற்றையும் தின்றுவிடும். தம் பிழைப்பு போவதைப் பற்றி அவர் சாமியிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இதுகளுக்கு ஒரு இடம் காட்டும். அம்புட்டுத்தான் கேக்கேன்" என்று மட்டும் நாள்தோறும் கேட்டார்.

கார்த்திகை முடிய எட்டு நாள் இருக்கையில் வானம் பிளந்துகொண்டது. ஏரி நிரம்பி வழிந்து, நண்பகலில் தெருவுக்குள் வந்தது. ஏரி வாயில் கட்டியதுதானே நகர்? ஏரி தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. மேல்மாடிக்காரர்கள் மேலே ஏறிக்கொண்டார்கள். தகரக் கொட்டகைக்காரர்களைப் படகில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். படகிலிருந்து அம்மையார் திரும்பிப் பார்த்தபோது மாடிப்படிக்கு அடியிலிருந்து குடுக்கைகள் ஒவ்வொன்றாக மிதந்து வெளியேறி, தண்ணீரின் இழுப்பில் தெருமுனை திரும்பி மறைந்தன. கணவர் மாண்ட அன்று அழாத அம்மையார் அன்று வாய்விட்டு அழுதார். "உம்ம பொருளத் தொலைச்சிட்டேனே, தொலைச்சிட்டேனே" என்று படகின் விளிம்பில் முட்டிக்கொண்டார்.

நான்காம் நாள் நீர் வடிந்தது. சங்கத்தார் நூலகத்தைத் திறந்தார்கள். தேக்கு அலமாரி ஊறிப் பருத்து, இழுப்பறை ஒன்றும் இழுபடவில்லை. ஆணி போட்டு நெம்பினால் உள்ளே உறையெல்லாம் கூழ். விதைகள் முளைத்து அழுகி நாறின. மாடித் தொட்டிகளையும் மழை கரைத்திருந்தது. தையில் போட ஒரு விதை, பெயருக்கு ஒன்று, அந்த நகரில் எவரிடமும் மிஞ்சவில்லை.

அதே காலையில் சபேச குருக்கள் கோயிலைத் திறக்க வந்தார். கம்பிக் கதவில் போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. திறந்து, சேறு மிதித்துக் கருவறை வாசலுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பசுங்கொழுந்தீசரின் ஆவுடையாரைச் சுற்றி வட்டமாகப் பேய்ச்சுரைக் குடுக்கைகள். உருண்டை அடிச் சுரை தரையில் நிற்காது, சரியும். அவையோ மெழுகிட்ட வாய் மேலே பார்க்க, சொல்லி வைத்ததுபோல் நின்றுகொண்டிருந்தன.

சேதி பரவி ஊரே கூடிற்று. பத்மநாதன் அளவுநாடாவோடு வந்தார். கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளியை அளந்தார். குடுக்கையின் குறுக்களவை எடுத்தார். மறுபடி கம்பியை அளந்தார். குடுக்கை மூன்று மடங்கு பெரிது. "தண்ணி இறங்குற திசையும் இது இல்லையே. மேட்டுக்கு எப்படி வந்தது?" என்று தமக்குள் முணுமுணுத்தார்.

"ஓய், எத்தனை தடவை அளந்தாலும் கம்பி அகலாது. யாராவது பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்த அம்மாவை அழைச்சுண்டு வாங்கோ. இதுக்கு உடையவா அவாதான்" என்றார் குருக்கள்.

உலகம்மையார் ஈரச் சேலையோடு வந்தார். குருக்கள் ஈசர் மேலிருந்த மாலையை எடுத்து, "பேய்ச்சுரை அம்மையாரே, வாங்கோ" என்று எல்லோருக்கும் கேட்க அழைத்து, அவர் கையில் கொடுத்தார். பெயர் வைத்த விமலாதேவி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். தூண் போதவில்லை. அம்மையார் மாலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குடுக்கையாகக் காதோரம் வைத்துக் குலுக்கினார். எல்லாம் உலர்ந்து கலகலத்தன. அவர் ஈசரைப் பார்த்து, "இடம் கேட்டேன், உம்ம இடத்தையே குடுத்துட்டீரே" என்றார்.

நேற்றுவரை சிரித்தவர்கள் இப்போது கையேந்தி வரிசையில் நின்றார்கள். வெட்கம் என்பது இந்த நகருக்குக் குடிவரவே இல்லை. அம்மையார் முகம் பார்த்து ஒருவரையும் ஒதுக்கவில்லை. மெழுகைப் பெயர்த்துப் பிடிப்பிடியாக எல்லோருக்கும் கொடுத்தார். கடைசியில் பத்மநாதன் வந்தார். கையை நீட்டவில்லை. குடுக்கையின் சிறுத்த இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதமாகத் தலைக்குமேல் தொங்கியது அன்றுதான் அவர் கண்ணில் பட்டது.

"இது... எங்க வீட்டு வாசல் கொடி" என்றார்.

"ஆமாய்யா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"கொட்டுன அன்னைக்கே தெரியும். காயப் பாத்தாத் தெரியாதா?"

"அத்தனை பேர் முன்னாடி நான் உங்களைப் பேசினேனே. ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க வெக்கப்பட்டு வெதை கொண்டாறத நிறுத்தியிருப்பீக. ஒங்களப் பாத்து நாலு பேரு நிறுத்துவாக. ஒருத்தர் கை நின்னாலும் வெதை நின்னுபோகுமேய்யா."

பொறியாளரின் தலை முதல்முறையாகக் குனிந்தது. "இன்னிக்கே அந்தக் கொடியை வெட்டி எறிஞ்சிடறேன்" என்றார்.

அம்மையார் பதறிவிட்டார். "ஐயோ, வெட்டிராதீக! அது என்ன பாவம் பண்ணுச்சு? மாடியில பூ வைக்கிற அன்னைக்குச் சொல்லி அனுப்புங்க. சாயங்காலம் நா வந்து பை கட்டித் தாரேன்" என்று சொல்லி, அவருடைய இரண்டு கையையும் பிடித்து விரித்து, கறிச்சுரை விதையை நிறைய இட்டார்.

மறுநாள் காலையில் நூலகத்துச் சாவியைச் சங்கமே கொண்டுபோய் அவரிடம் கொடுத்தது. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அறையில் கிடந்த சேற்றை வாரத் தொடங்கினார். இகழ்ந்தவர் தந்ததையும் இரு கையால் ஏற்று, கசந்ததையும் ஈசனுக்கு உரிய கலமாக்கிய உலகம்மையாரின் திருவடி நம் தலைமேல் இருப்பதாக.