மதிலைத் தாண்டிய பாராயணம்

கேளுங்கள், ஊரைச் சுற்றி மதில் எழுப்பி மன்னர்கள் வாழ்ந்த காலம் அது. கருங்குன்றம் என்றொரு கோட்டை நகரம். அங்கே சிவன் கோயில் மண்டபத்தில், விடிந்ததும் பூங்கோதை என்ற பெண்மணி மறைப் பாராயணம் செய்வாள். ஒரு சுலோகம் ஓதுவாள். அதன் பொருளை நிதானமாக விளக்குவாள். பிறகே அடுத்ததற்குப் போவாள். உட்கார்ந்து கேட்டவர்கள் சிலர்தான். தண்ணீர்க் குடத்தோடும் பூக்கூடையோடும் அந்த வழியே போனவர்கள் நடந்தபடியே கேட்டார்கள்.

ஒரு கோடையில் பக்கத்து நாட்டு அரசன் உக்கிரவர்மன் பெரும்படையோடு வந்து கோட்டையை வளைத்துக்கொண்டான். களஞ்சியம் வற்றியது. கிணறுகள் வற்றின. மக்கள் முகத்தில் சிரிப்பும் வற்றியது. பூங்கோதையின் குரல் மட்டும் வற்றவில்லை.

அது எதிரியின் பாசறை வரைக்கும் கேட்டது. "பட்டினி கிடக்கும் ஊரில் யாருக்கு இவ்வளவு தெம்பு?" என்று உக்கிரவர்மன் பொருமினான்.

முதலில் பயமுறுத்திப் பார்த்தான். மண்டபத்தை நோக்கி அம்புகள் பறந்து வந்தன. பூங்கோதை தூணின் மறைவுக்கு நகர்ந்து உட்கார்ந்து ஓதினாள்.

அடுத்து ஆசை காட்டினான். "பாராயணத்தை நிறுத்தினால் வண்டி வண்டியாக அரிசி வரும்" என்று தூதன் வந்து சொன்னான்.

"முடிவை உங்களிடமே விடுகிறேன், அம்மா" என்றான் கருங்குன்றத்து மன்னன்.

பசியில் அழும் பிள்ளைகளை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள். ஆனாலும் சொன்னாள்: "மன்னா, ஒருத்தியின் குரலுக்கு அரிசி தர வருகிறான் என்றால், ஜெயிக்கும் நம்பிக்கை அவனுக்கே குறைந்துவிட்டது. இந்தக் குரல் அடங்கினால், நாம் சோர்ந்துவிட்டோம் என்று அன்றைக்கே மதில் ஏறுவான்."

தூதன் வெறுங்கையோடு திரும்பினான்.

மூன்றாவதாக உக்கிரவர்மன் போர்முரசுகளைக் கொட்டச் சொன்னான். மண்டபமே அதிர்ந்தது. பூங்கோதை குரலை உயர்த்தி ஓதினாள். தாகத்தில் தொண்டை காய்ந்து, சுலோகத்தின் பாதியில் குரல் உடைந்தது. அவள் தலை கவிழ்ந்தது. கண்ணீர் வழிந்தது.

அப்போது மண்டபத்துக்கு வெளியே, தினமும் நடந்தபடியே கேட்டுப் போகும் ஒரு பெண், அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். 'அஞ்சாதே, உனக்குள் நான் இருக்கிறேன்' என்று பொருள்படும் அடி அது. பூக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். மதில் காவலர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஊரே ஓதியது.

மதிலுக்கு வெளியே ஒரு முரசு நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாமே.

"ஏன் நிறுத்தினீர்கள்? கொட்டுங்கள்" என்று சீறினான் உக்கிரவர்மன்.

முரசறைவோரின் தலைவன் கோலைத் தரையில் வைத்துக் கைகூப்பினான். "மன்னா, இது எங்கள் வீட்டிலும் ஓதுகிற மறை. இதன்மேல் என் கை எழாது."

அவன் பின்னால் நின்ற படையும் கைகூப்பியது. ஓதுகிறவர்கள்மேல் வாள் வீச ஒருவரும் இல்லை என்பதை உக்கிரவர்மன் புரிந்துகொண்டான். பொழுது சாய்வதற்குள் முற்றுகையைக் கலைத்துக்கொண்டு போய்விட்டான். கோட்டைக் கதவுகள் திறந்தன. அரிசி வந்தது, தண்ணீர் வந்தது, போன சிரிப்பும் வந்தது.

மறுநாள் விடிந்ததும் ஊரெல்லாம் மண்டபத்தில் கூடி ஓதியது. குரல் இழந்த பூங்கோதை, நடுவில் உட்கார்ந்து மனம் குளிரக் கேட்டாள்.

பொருள் உணர்ந்து தினமும் ஓதும் மறை, ஓதியவரோடு கேட்டவரையும் ஆபத்தில் தாங்கி நிற்கும்.