ஒற்றை அழைப்பு

விடங்கன் குருவைத் தேடி வந்தபோது அவர் காட்டோரத்தில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார். ஊரார் அவருக்கு வைத்த பெயரே சுள்ளிச்சாமி. வயதில் விடங்கனுக்கு இளையவர். விடங்கன் இளங்கரை நாட்டின் மந்திரி, ஐம்பதைக் கடந்தவன். ஆனாலும் அவர் முன்னால் வந்ததும் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"என்ன விடங்கா, முகம் வாடிக் கிடக்கிறது? அரண்மனைச் சாப்பாடு செரிக்கவில்லையா?"

விடங்கன் சிரிக்கவில்லை. வந்த காரியத்தைச் சொன்னான்.

அரசருக்குக் காரைமலை வேண்டும். அங்குள்ள சந்தனம் வேண்டும், வேட்டை வேண்டும். மலையில் காரையர் குடியிருக்கிறார்கள், எப்போதிருந்து என்று யாருக்கும் தெரியாது. இளங்கரைச் சட்டப்படி, நாட்டுக்கு உரியவனை அவன் மண்ணிலிருந்து அரசர்கூட அகற்ற முடியாது. வேற்றாளை அகற்றலாம். ஆகவே நாளை சபையில் விடங்கன் எழுந்து, காரையர் இந்நாட்டவர் இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். அவன் சொன்னால் அதுவே தீர்ப்பு. மழைக்கு முன்பே மலை காலியாகிவிடும்.

"செய்யாவிட்டால்?"

"பதவி போகும். அதோடு நிற்காது."

"செய்வதில் உனக்கு என்ன தடை?"

விடங்கன் கீழே கிடந்த ஒரு சுள்ளியை எடுத்து ஒடித்தான்.

"மனம் முரண்டு பிடிக்கிறது சாமி. ஏன் என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர்களுக்குக் கோயில் இல்லை, எழுத்து இல்லை. நம்மோடு உழுததில்லை. நமக்காகப் போருக்கு வந்ததில்லை. நாம் நாமாக இருப்பதில் அவர்களுக்கு என்ன பங்கு? ஒன்றும் இல்லையென்றால் என் சத்தியம் பொய்யில்லை. பொய்யில்லையென்றால் பாவமும் இல்லை. நீங்களே சொல்லுங்கள், பாவமா?"

குரு சுள்ளிக்கட்டைக் கீழே போட்டார்.

"மலைக்குப் போயிருக்கிறாயா?"

"கீழிருந்து பார்த்திருக்கிறேன்."

"வா."

விடங்கனோடு எப்போதும் ஒரு யவன மெய்க்காவலன் வருவான். கடல் கடந்து வந்து சில காலம்தான் ஆகியிருந்தது. அவனுடைய சொந்தப் பெயர் யார் நாக்கிலும் நிற்காததால் நீலன் என்று கூப்பிட்டார்கள். நம் பேச்சு அவனுக்குப் பாதி புரியும். குதிரைகளை அடிவாரத்தில் கட்டிவிட்டு அவனும் கூடவே ஏறினான்.

பாதி மலையில் ஒரு காரையர் பெண் பாறைமேல் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவள் பெயர் மாதி. குருவுக்குப் பழக்கமானவள் என்று தெரிந்தது. காரையர் பேச்சில் மரியாதைக்கென்று தனிச் சொல் கிடையாது. தெய்வத்தையும் நீ என்பார்கள், அரசரையும் நீ என்பார்கள்.

"என்ன சுள்ளி, இன்னைக்குக் கூட்டத்தோட வந்திருக்க?" என்றாள். பிறகு விடங்கனின் பட்டு வேட்டியைப் பார்த்தாள். "இதைக் கட்டிக்கிட்டா முள்ளுக்குள்ள போகப் போற? முள்ளுக்கு இன்னைக்குக் கல்யாணம்தான்."

நீலன் சிரித்தான். விடங்கன் அவனை முறைத்தான்.

மேலே குடியிருப்புவரை போக வேண்டும் என்று குரு சொன்னார். மாதி மலையின் இடதுபுறத்தைப் பார்த்தாள். அங்கே பெரும்பள்ளம் இருந்தது. அதன் விளிம்பை ஒட்டித்தான் பாதை. பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. பனி மேலிருந்து இறங்கும் என்றுதான் விடங்கன் அதுவரை நினைத்திருந்தான். இது கீழிருந்து வந்தது, பாதையைத் தொட்டது, அங்கேயே நின்றது.

பனி விலகும்வரை காத்திருக்கலாம் என்றான். இந்தப் பருவத்தில் அது விலகாது என்று சொல்லிவிட்டு மாதி எழுந்தாள். புதருக்குள் போய் விரல் தடிமனில் ஒரு நீண்ட காட்டுக்கொடியை அறுத்து வந்தாள். அதை நீலனின் இடுப்பில் சுற்றி இறுக்கி முடிந்தாள். கிழங்குக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். குருவுக்குக் கட்டவில்லை. விடங்கனுக்கும் கட்டவில்லை.

"எனக்கு?" என்றான் விடங்கன்.

மாதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாளைக்குச் சத்தியம் பண்ணப் போறவன் நீதானே? அடிவாரத்துல பறையடிச்சுச் சொன்னாங்க."

"நான்தான்."

"உனக்கு வேண்டாம்," என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

விடங்கன் ஓர் அடி பின்வாங்கினான். தன்னை மலையைவிட்டுத் துரத்தப் போகிறவனை அவள் ஏன் காப்பாற்ற வேண்டும்? குருவைப் பார்த்தான். அவர் ஏற்கெனவே பனிக்குள் நடந்துகொண்டிருந்தார். விடங்கன் அவர் முதுகைப் பார்த்தபடி பின்தொடர்ந்தான். அவனுக்குப் பின்னால் நீலன். கடைசியில் கொடியைப் பிடித்தபடி மாதி.

உள்ளே போகப் போகப் பறவைச் சத்தம் நின்றது. பிறகு காற்றும் நின்றது. தன் காலடி ஓசை தனக்கே கொஞ்சம் தாமதமாகக் கேட்பதுபோல் விடங்கனுக்குத் தோன்றியது. நின்று பார்த்தான். நின்ற பிறகும் ஓர் அடி கேட்டது.

அப்போது பின்னால் நீலனும் நின்றுவிட்டான். அவன் முகம் மலர்ந்தது, குழந்தையின் முகம்போல ஆகிவிட்டது. தன் மொழியில் ஏதோ ஒரு சொல் சொன்னான். சட்டென்று இடப்பக்கம் திரும்பி, வீட்டு வாசலுக்குப் போகிறவன்போல விரைந்து நடந்தான்.

கொடி விறைத்தது. மாதி குதிகாலைப் பாறையில் முட்டுக்கொடுத்துச் சாய்ந்தாள். குருவும் விடங்கனும் பாய்ந்து கொடியைப் பற்றினார்கள். நீலனின் பாதி உடல் பனிக்குள் மறைந்திருந்தது. அவன் காலடியிலிருந்து ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் வரவே இல்லை.

இழுத்துப் போட்டதும் அவன் தரையில் கிடந்து அழுதான். அம்மா, என்றான் விடங்கனிடம் நம் பேச்சில். அம்மா கூப்பிட்டாள் என்றான். அவள் இருப்பது பல கடல்களுக்கு அப்பால்.

மாதி முடிச்சைச் சரிபார்த்தாள். மறுபடியும் நடந்தார்கள்.

அப்போதுதான் விடங்கனுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா."

அவனுடைய மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். சொல்லின் முடிவில் அவள் குரல் லேசாகக் கம்மும். அந்தக் கம்மல்கூட அப்படியே இருந்தது. கூப்பிட்ட தூரம் அதிகமில்லை. கையை நீட்டினால் தலையைத் தொட்டுவிடலாம்.

விடங்கன் நின்றான். திரும்பவில்லை.

திரும்பக் கூடாது என்று அவன் தீர்மானிக்கவில்லை. எதையும் தீர்மானிக்க அவனுக்கு அவகாசமில்லை. கழுத்து தானாக நின்றது. உடம்பு முழுவதும் ஒன்றுக்காகக் காத்திருந்தது. இன்னொரு தடவை கூப்பிடு அம்மா, என்று உள்ளுக்குள் கெஞ்சினான். இன்னும் ஒரே ஒரு தடவை.

கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அழைப்பு, இடப்பக்கத்திலிருந்து, குருவின் குரலில் கேட்டது. "விடங்கா."

குரு அவனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். உதடுகள் மூடியிருந்தன. அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.  இந்தத் தடவையும் விடங்கனின் தலை அசையவில்லை.

பிறகு குரு வாயைத் திறந்தார்.

"விடங்கா. விடங்கா."

"வந்தேன் சாமி," என்று அவன் அவரிடம் ஓடினான்.

பாதை பள்ளத்தைவிட்டு விலகி ஒரு மேட்டில் ஏறியது. அங்கே பனி இல்லை. கீழே பார்த்தால் பால் பொங்கி நின்றதுபோல் கிடந்தது. மாதி நீலனின் இடுப்பிலிருந்து கொடியை அவிழ்த்தாள். அவன் ஒரு பாறையோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.  விடங்கனும் உட்கார்ந்தான்.

"யார் கூப்பிட்டது?" என்று குரு கேட்டார்.

"என் மகள்."

"ஏன் திரும்பவில்லை?"

"ஒரு தடவைதானே கூப்பிட்டாள்."

"அதனால்?"

"ஒற்றை அழைப்புக்கு யார் சாமி திரும்புவார்கள்?"

"நீலன் திரும்பினானே."

"அவன் வேற்று நாட்டான். அவனுக்கு நம்..."

விடங்கன் பாதியில் நிறுத்தினான்.

"உனக்கு இதை யார் சொல்லித் தந்தது?"

"யாரும் சொல்லித் தரவில்லை. இளங்கரையில் எல்லோருமே அப்படித்தான்." அவன் யோசித்து யோசித்துச் சொன்னான். சோற்றுக்குக் கூப்பிடும் தாய் இரண்டு தடவை கூப்பிடுவாள். சபையில் சாட்சியின் பெயரை இரண்டு தடவை சொன்ன பிறகே அவன் எழுவான். ஒரு தடவை மட்டும் அழைக்கப்பட்டவன் வரவில்லையென்றால் குற்றமில்லை, அது சட்டம். இளங்கரையான் பாதிச் செவிடன், இரண்டாவது காதுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும் என்று துறைமுகத்தில் கப்பல்காரர்கள் கேலி செய்வார்கள். எந்த ஊர்ச் சந்தையிலும் நம்மவனை அதை வைத்தே கண்டுகொள்ளலாம். ஒருவர் இறந்துபோனால் காதில் இரண்டு தடவை பெயர் சொல்லிப் பார்த்து, அதற்கும் பதில் வராவிட்டால்தான் தூக்குவார்கள். "என் மகள் காதில் நான்தான் சொன்னேன்," என்றான்.

குரு கீழே கிடந்த பனியைப் பார்த்தார்.

"நம் சமவெளியில் பனிமூட்டம் உண்டா?"

"இல்லை."

"பள்ளம்?"

"வயல் வாய்க்காலைவிட ஆழமானது எதுவும் இல்லை."

"பிறகு நமக்கு எதற்கு இந்தப் பழக்கம்?"

 மாதிதான் பேசினாள். கொடியை வளையமாகச் சுருட்டிக்கொண்டே, கிழங்கு விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"கடல் பொங்கி ஊரை எடுத்துச்சு இல்ல, அந்தக் காலத்துல உங்க பாட்டன்மாரு இங்கதான் ஏறி வந்தாங்க. பனி கூப்பிட்டுச்சு. கூப்பிட்ட உடனே திரும்பினாங்க. பாதிப் பேரு போயிட்டாங்க. மிச்சம் இருந்தவங்களை நாங்க கொடியில கட்டிப் போட்டோம். கூடவே வச்சிருந்து பழக்கினோம். அவங்க பிள்ளைங்களுக்குக் கொடி வேண்டியிருக்கல. தண்ணி வடிஞ்சதும் இறங்கிப் போயிட்டாங்க."

"பனி ஏன் இரண்டாவது தடவை கூப்பிடுவதில்லை?" என்றான் விடங்கன். அவன் குரல் தாழ்ந்திருந்தது.

"பனி எங்க கூப்பிடுது? அது உங்க ஆளுங்க. பள்ளத்துல கிடக்கிறவங்க. விழுறப்போ ஆளுக்கு ஒரு மூச்சுதான் மிச்சம் இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டுத்தான் இன்னும் கூப்பிடுறாங்க. யாரு குரல் கிடைச்சாலும் எடுத்துக்குவாங்க." அவள் கொடியைத் தோளில் மாட்டினாள். "எங்க ஆளு ஒருத்தரும் அங்க இல்ல."

கீழே பனி லேசாக அசைந்தது. நீலன் காதுகளைப் பொத்திக்கொண்டான்.

"அவள் என் மகளாகவே இருந்தால்?" என்றான் விடங்கன். "நான் திரும்பாமல் வந்துவிட்டேனே."

"உன் மக எந்த ஊர்ப் பொண்ணு?"

"இளங்கரையில் பிறந்தவள்."

"அப்புறம் எப்படி ஒரு தடவை கூப்பிடுவா?" என்றாள் மாதி.

விடங்கன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின. மாதி கிழங்குக் கூடையை எடுத்துக்கொண்டு குடியிருப்பை நோக்கி நடந்தாள். மேலே எங்கோ ஒரு பெண் தன் பிள்ளையைக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். அதன் பிறகே பிள்ளையின் குரல் பதில் கொடுத்தது.

வெகுநேரம் கழித்து விடங்கன் தலை நிமிர்ந்தான்.

"நாளைக்கு நான் என்ன செய்ய வேண்டும் சாமி?"

"சபையில் உன் பெயரைக் கூப்பிடுவார்கள் அல்லவா?"

"கூப்பிடுவார்கள்."

"முதல் அழைப்பிலேயே எழுந்து நில்," என்றார் குரு. "அப்படி எழ முடிந்தால், இவர்கள் நம்மவர் இல்லை என்று சத்தியம் செய். பாவமில்லை."