மழைக்கு முன் ஒரு களஞ்சியம்

அருளப்பன் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன்னைவிட வயதில் சிறியவளான வஹீதாவிடம் லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்தைக் கற்றுக்கொண்டிருந்தார். தங்கச்சி வயதில் இருப்பவளை டீச்சர் என்கிறாரே என்று கூடப் படிப்பவர்கள் கிண்டல் செய்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

மலைமேல் ஒரு பள்ளி. மழை பிடித்தால் அங்கே இணையம் போய்விடும், பாதையும் போய்விடும். ஆகவே பிள்ளைகளுக்கு வேண்டிய மென்பொருள் பொதிகளை ஒரு சர்வரில் களஞ்சியமாகச் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். பள்ளிக் கணினிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த வேலையை அருளப்பன் கேட்டு வாங்கியிருந்தார். மறுநாள் காலை ஜீப். வஹீதா சரியென்றால்தான் சர்வர் மலையேறும்.

அன்று காலை ஒரு கணினியிலிருந்து வரைபட மென்பொருளைக் கேட்டுக் காட்டினார். வந்து இறங்கியது. வஹீதா பார்த்துவிட்டு, இன்னும் ஆகவில்லை என்றாள்.

குறைகிறது போலும் என்று மேலும் பொதிகளைச் சேர்த்தார். கேட்டதெல்லாம் வந்தது. அவள் உதட்டைப் பிதுக்கினாள். வட்டு ஏறக்குறைய நிறையும்வரை சேர்த்தார். அதே பதில்.

அருளப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"கேட்டது கிடைக்குது டீச்சர். இதுக்கு மேல ஒரு களஞ்சியம் என்ன செய்யணும்?"

வஹீதா எழுந்துபோய், இணையத்துக்குப் போகும் கம்பியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள். புதுக் கணினி ஒன்றைக் காட்டி, இதிலிருந்து கேளுங்கள் என்றாள்.

கேட்டார். வரைபட மென்பொருள் களஞ்சியத்தில் இருந்தது. அது இயங்கத் துணையாக வேண்டிய சில்லறைப் பொதிகள் இல்லை. கிடைக்கவில்லை என்று திரை நின்றுவிட்டது.

காலையில் வந்ததே, நான் எதையும் தொடவில்லையே என்று புலம்பினார். அவர் காலையில் கேட்ட கணினியில், பொதிகளை எங்கெங்கே தேடுவது என்று சொல்லும் முகவரிக் கோப்பை வஹீதா திறந்தாள். மேலே அவருடைய களஞ்சியம். அதன் கீழே வெளியுலகக் களஞ்சியத்தின் பழைய முகவரி. இவரிடம் இல்லாததையெல்லாம் கணினி சத்தமில்லாமல் அங்கே போய் எடுத்து வந்திருக்கிறது.

"அத ஏன் விட்டுவெச்சீங்கண்ணே?"

"ஆபத்துக்கு உதவுமேன்னு."

"மழை உங்ககிட்ட கேட்டுக்கிட்டா வரும்?"

அருளப்பன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். இல்லாததைக் கொண்டுவர இது வேண்டும். இது இருந்தால் எது இல்லை என்றே தெரியாது.

"விடிஞ்சா ஜீப் வந்துடும். இத மாட்டவா, வேணாமா டீச்சர்?"

"ஜீப்ப நான் நிறுத்திவெக்கிறேன். எது இல்லைன்னு முழுசா தெரிஞ்சப்புறம் மாட்டுங்க."