அண்ணாச்சிக்கு ஆகாத கோதுமை

கோணமடையில் அண்ணன் தம்பி நான்கு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு புத்தி, அதுவும் மூத்தவர் நல்லபெருமாளிடம் இருந்தது. அவருக்குத்தான் சீலியாக் நோய் வந்து தொலைத்தது. கோதுமை பட்டாலே குடல் புண்ணாகும் நோய். ஆள் துரும்பாய் இளைத்துவிட்டார்.

"கோதுமை, மைதா, ரவை ஒரு பொட்டுகூட இவர் வயித்துக்குள்ள போகக் கூடாது. கோதுமை பட்ட கையால இவர் சோத்தைத் தொடாதீங்க. கடைச் சாமான் எதையும் லேபிளைப் படிச்சுட்டுப் போடுங்க. இன்னும் இளைச்சா எலும்பு தேஞ்சிரும்" என்றார் டாக்டர்.

தம்பிகள் மூவரும் கண் கலங்கிவிட்டார்கள். அண்ணன் மேல் அவ்வளவு பாசம். பாவம், அதுதான் அவருக்கு ஆபத்து.

வீட்டில் ஒரு மூட்டை ரேஷன் கோதுமை இருந்தது.

"இது அண்ணாச்சி வயித்துக்குள்ள போகாம இருக்கணும்னா என்னலே வழி?" என்றான் ஆவுடையப்பன்.

"நம்ம வயித்துக்குள்ள போயிரணும்" என்றான் சங்கிலி.

அன்றிலிருந்து மூன்று வேளையும் சப்பாத்தி. பசிக்காவிட்டாலும் அண்ணனை நினைத்துக்கொண்டு தின்றார்கள்.

அப்போதுதான் கடைக்குட்டி பூதத்தானுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "நம்ம கையெல்லாம் கோதுமை பட்ட கையாச்சே. அண்ணாச்சிக்கு யாரு சோறு வடிக்கிறது?"

வெகுநேரம் விவாதித்தார்கள்.

"கால்ல கோதுமை படலையே" என்றான் ஆவுடையப்பன்.

பூதத்தான் முக்காலியில் உட்கார்ந்து, கால்விரலில் கரண்டியை இடுக்கிக்கொண்டு சோறு கிண்டினான். பானை கவிழ்ந்து அடுப்பு அணைந்தது. அண்ணாச்சி பட்டினி.

"கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கடா!" என்று படுத்தபடியே கத்தினார் நல்லபெருமாள். அடடா, இது தோன்றவில்லையே என்று மூவரும் வியந்துபோனார்கள்.

மறுநாள் கழுவிய கையால் சாம்பார் வைத்தார்கள். பெருங்காய டப்பாவை எடுத்த சங்கிலி நிமிர்ந்து நின்று லேபிளை உரக்கப் படித்தான்: "கோதுமை மாவு, அரபிக் கோந்து, பெருங்காயம்."

"முழுசாப் படிச்சியா?" என்றான் ஆவுடையப்பன்.

"ரெண்டு தடவை."

"அப்பப் போடு. படிச்சுட்டுப் போடத்தான டாக்டர் சொன்னாரு."

போட்டான். அண்ணாச்சி இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்.

பத்தாம் நாள் மூட்டை காலி. மூவரின் வயிறும் கல்லாய் உப்பிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வரிசையாய்ப் படுக்க வைத்தார்கள். ஒருவனுக்குப் பேதி நின்றால் இன்னொருவனுக்குப் பிடுங்கியது. இப்படியே இரண்டு வாரம் ஓடியது.

வீட்டில் தனியாய் இருந்த நல்லபெருமாள் தள்ளாடி எழுந்து அரிசி களைந்தார். பானையை அவரே விளக்கினார், டாக்டர் கொடுத்த மாத்திரையை வேளைக்குப் போட்டார். தம்பிகளுக்குக் கஞ்சி கொண்டுவந்த அவரைக் கண்டு டாக்டர் எடை பார்த்தார். இரண்டு கிலோ கூடியிருந்தது.

"பிரமாதம்! இப்படியே இருங்க, மூணு மாசத்துல ரத்தம் சோதிச்சுப் பார்ப்போம். தம்பிகளா, உங்களுக்கும் சரியாப் போச்சு. வீட்டுக்குப் போகலாம்."

மூவரும் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு ஆவுடையப்பன் டாக்டர் முன்னால் வந்து கைகட்டி நின்றான்.

"அய்யா, நாங்க வீட்டுல இருந்தப்ப அண்ணாச்சி இளைச்சாரு. இங்க படுத்தோம், தேறிட்டாரு. அவருக்கு முழுசாக் குணமாகணும்னா நாங்க இன்னும் மூணு மாசம் படுக்கணும்."

டாக்டர் நல்லபெருமாளைப் பார்த்தார். நல்லபெருமாள் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் மூவருக்கும் மறுபடி படுக்கச் சீட்டு எழுதினார்.

கட்டிலில் படுத்ததும் பூதத்தான் தலையைத் தூக்கினான். "பக்கத்துல ஒரு கட்டில் காலியாக் கெடக்கே, அண்ணாச்சியும் வந்து படுக்கட்டுமே?"

"அறிவு இருக்கால ஒனக்கு?" என்று சீறினான் சங்கிலி. "சீக்காளிக்கு ஆஸ்பத்திரில என்னல வேலை?"