பொந்தில் ஒளித்த ஒரு பிடி

ஒரு காட்டில், ஆற்றங்கரை நாவல் மரத்தின் உச்சியில் கருமுகன் என்ற குரங்கு காவல் இருந்தது. கீழே மான்கள் மேயும். சிறுத்தையின் வால் நுனி தெரிந்தால் போதும், கருமுகன் உரக்கக் கத்தும். மான்கள் ஆற்றைத் தாண்டி ஓடிவிடும்.

அந்தக் குரலைக் கெடுத்தது ஊளையன் என்ற நரி. சிறுத்தை தின்ற மிச்சம்தான் அதற்குச் சாப்பாடு. காவல் கெட்டால் அதற்குக் கொண்டாட்டம். கனலும் கட்டையில் ஏதோ ஒரு காய்ந்த இலையைத் தூவி, "ஒரு மூச்சு இழுத்துப் பார், சுகமாக இருக்கும்" என்றது. கருமுகன் இழுத்தது. மறுநாளும் போனது. பிறகு போகாமல் இருக்க முடியவில்லை.

ஒருநாள் சிறுத்தை வந்தது. கருமுகன் கத்த வாயைத் திறந்தது. இருமல்தான் வந்தது. அன்று ஒரு மான் திரும்பவில்லை.

கருமுகன் தேம்பித் தேம்பி அழுதது. "இனி அந்தப் புகைப் பக்கமே போகமாட்டேன். இது சத்தியம்!" என்றது.

"சத்தியம் சாயங்காலம்வரை தாங்கும். அப்புறம்?" என்று கேட்டது சிற்றடி என்ற பெண்மான். அதற்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது.

"அப்புறம் என்ன செய்வது? தெரியவில்லையே."

"கையைச் சும்மா வைக்காதே. ஆசை வந்தால் தழையைப் பறித்து எங்களுக்குப் போடு. அதற்குள் கொஞ்சம் தணியும்."

கருமுகன் அப்படியே செய்தது. கை நடுங்கியது, தலை வலித்தது, ஒரு பாவமும் அறியாத அணிலின் மேல் எரிந்து விழுந்தது. ஆனாலும் தழை விழுந்துகொண்டே இருந்தது. மான்கள் வயிறு முட்டத் தின்றன. கருமுகனின் குரலும் மெல்லத் தெளிந்தது.

ஒன்றை மட்டும் அது யாரிடமும் சொல்லவில்லை. மரப்பொந்தில் அந்த இலையில் ஒரு பிடியை ஒளித்து வைத்திருந்தது. தொடுவதற்கு இல்லையாம், சும்மா இருக்கட்டுமாம்! நல்ல புத்திசாலிதான்.

ஒரு மாலை, மான்கள் தழை தின்றுகொண்டிருக்க, புகையும் குச்சியைக் கவ்விக்கொண்டு ஊளையன் மரத்துக்குப் பின்புறமாக வந்தது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "சபாஷ் கருமுகா, விட்டுவிட்டாயாமே!" என்றது.

"போய்விடு!"

"போகிறேன். பொந்தில் இருப்பதை ஏன் வீணாக்குகிறாய்? என் மூக்குக்குத் தெரியாதா? ஒரே ஒரு மூச்சு. விட்டவனை ஒரு மூச்சு என்ன செய்துவிடும்?"

தழை பறித்த கருமுகனின் கை பொந்துக்குள் போனது. ஒரு சிட்டிகை இலையோடு ஓசைப்படாமல் இறங்கி, குச்சியின் நெருப்பில் வைத்து ஆழமாக இழுத்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தது. நரிக்குப் பின்னால் கோரைப்புல் அசைந்தது. மஞ்சள் தோல் தெரிந்தது. கருமுகன் கத்தப் பார்த்தது. புகை தொண்டையை அடைத்தது.

சிறுத்தை பாய்ந்தது. ஆனால் மான்கள் அதற்கு முன்பே ஆற்றுக்குள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியாக ஓடிய சிற்றடியின் குட்டிக்குத் தொடையில் நகம் கிழித்தது. நல்லவேளை, உயிர் தப்பியது.

சிறுத்தை போன பிறகு மான்கள் திரும்பின. "நான் கத்தவே இல்லையே. எப்படி ஓடினீர்கள்?" என்று தலை குனிந்தபடி கேட்டது கருமுகன்.

"தழை விழுவது நின்றுவிட்டது. மேலே பார்த்தேன், நீ இல்லை. ஓடினோம்" என்ற சிற்றடி, குட்டியின் காயத்தை நக்கியது. திட்டியிருந்தால்கூடக் கருமுகனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கருமுகன் பொந்தைத் துழாவி, மிச்சமிருந்த இலை முழுவதையும் ஆற்றில் கொட்டியது.

சில நாளில் ஊளையன் மறுபடி வந்தது. "கருமுகா, ஒரே ஒரு மூச்சு..."

அதே ஆசை. பொந்து காலியாக இருந்தும் கை அந்தப் பக்கமே போனது. கருமுகன் கையை இழுத்துக்கொண்டு, காடே அதிரக் கத்தியது.

"சிற்றடீ! சிற்றடீ!"

"என்ன, சிறுத்தையா?"

"அதைவிட மோசம்! ஆசை வந்துவிட்டது. எல்லாரும் இங்கே வாருங்கள்!"

மான்கள் ஓடி வந்தன. கலைமான்கள் கொம்பைத் தாழ்த்தி நரியை நோக்கி நடந்தன. ஊளையன் குச்சியைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தது.

மேலிருந்து தழை விழத் தொடங்கியது.

நீதி: விட்ட பழக்கத்தில் ஒரு பிடியைக்கூட ஒளித்து வைக்காதே, ஆசை வந்தால் வெட்கப்படாமல் துணையைக் கூப்பிடு.